மாசமா இருக்கிறவங்ககிட்ட ஏன் இந்தக் கேள்வி?



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் ஊக்குநர் எழுந்து ஒரு புகார் சொன்னார். அவருடைய மருமகளுக்கு மூன்றாவது மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். எடை போட்டு, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்த பிறகு செவிலியர், "பிராந்தி, பீர், கள்ளு ஏதாவது எடுத்துக்குற பழக்கம் இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறார். "எம் மருமவளைப் பார்த்தா குடிக்கிறவ மாதிரியா தெரியுது? குடும்பத்துப் பொண்ணுகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று அவருக்கு ஒரே ஆத்திரம். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "அந்த நர்ஸம்மா மேல மனு எழுதிக் கொடுக்கலாம்" என்றுகூட ஒருவர் சொன்னார்.

மனு எழுதவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். அந்தச் செவிலியர் கேட்டது சரியான கேள்விதான். ஒரே ஒரு தப்பு, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

நம்ம பொம்பளைங்க குடிப்பாங்களா?

இதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 25 சதவீதம் பேர் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களில் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். குறைவுதான். ஆனால் இது வீட்டுக்கு வந்து கேட்டவர்களிடம் பெண்கள் வாயால் சொன்ன கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. குடிக்கிற ஆணை ஊர் திட்டும், மறுநாள் மறந்துவிடும். குடிக்கிற பெண்ணை அப்படி விடாது. அப்படியிருக்க எத்தனை பேர் வெளியே சொல்வார்கள்?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம், எங்கள் வட்டாரத்துக் குழுக்களில் வழக்கத்தைவிட மௌனம் அதிகமாக இருந்தது. சந்தா கட்டிவிட்டு, பேசாமல் எழுந்து போனார்கள்.

களப்பணியில் நாங்கள் பார்த்தவரை, குடிக்கிற பெண்கள் யாரும் 'ஜாலி'க்காகக் குடிப்பதாகத் தெரியவில்லை. செங்கல் சூளையில் புருஷன் பொண்டாட்டி ஜோடியாக விடியற்காலையில் மண் மிதிக்கத் தொடங்கி, வெயில் ஏறும்வரை கல் அறுப்பார்கள். ராத்திரி இடுப்பு நிமிராது. "ரெண்டு வாய் ஊத்திக்கிட்டாத்தான் தூக்கம் வருது" என்று ஒரு அக்கா சொன்னார். சில வீடுகளில் புருஷனே பக்கத்தில் உட்கார வைத்து ஊற்றிக் கொடுக்கிறான். வேண்டாம் என்றால் அடி.

இன்னொரு வகையும் இருக்கிறது. அது நம்மில் பலருக்குக் குடி என்றே தோன்றாது. சளி பிடித்தால் வெந்நீரில் கொஞ்சம் பிராந்தி. பிள்ளை பெற்றவளுக்கு 'உடம்பு சூடு ஏறட்டும்' என்று பிராந்தி. பசி எடுக்க, வாய்வு தீர அரிஷ்டம். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்கிற மருந்து. அதில் ஆல்கஹால் தானாகவே உருவாகும். சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை, அதாவது ஏறக்குறைய பீரில் இருக்கிற அளவு, அதில் இருக்கலாம். குடிக்கிற அளவு சின்னதுதான், ஒரு மூடி இரண்டு மூடி. ஆனாலும் மாசமாக இருக்கும்போது டாக்டரிடம் பாட்டிலைக் காட்டிக் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. டானிக், இருமல் மருந்து எதுவானாலும் இதே பேச்சுதான்.

இதற்காகப் பாட்டிமார்களை யாரும் சண்டைக்கு இழுக்க வேண்டாம். 1960-களில் அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே, குறைமாதத்தில் வலி வந்தால் அதை நிறுத்த டாக்டர்கள் ஆல்கஹாலைக் குளுக்கோஸ் மாதிரி நரம்பில் ஏற்றினார்கள். படித்தவர்களுக்கே அன்றைக்குத் தெரியாது. 1968-ல் பிரான்சு நாட்டில் நான்ட் என்ற ஊரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் பால் லெமுவான், குடிக்கிற பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பார்த்து எழுதினார். அதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரண்டு மருத்துவர்கள் அதே மாதிரிக் குழந்தைகளைப் பார்த்து இதற்கு ஒரு பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்?

தாய் குடிப்பது அவள் ரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடி பல கிருமிகளைத் தடுக்கும், ஆனால் ஆல்கஹாலைத் தடுக்காது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் ரத்தத்திலும் ஏறக்குறைய அதே அளவு சேர்ந்துவிடும். தாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றும். பிள்ளையின் ஈரல் அதற்கு இன்னும் பழகவில்லை. பனிக்குடத்துத் தண்ணீரிலும் அது தங்கிவிடும். அதனால் அம்மாவுக்குத் தெளிந்த பிறகும் பிள்ளைக்குத் தெளியாது.

கருக்கலைவது, செத்துப் பிறப்பது, குறைமாதம், எடை குறைவு இவையெல்லாம் நடக்கலாம். பிறந்து தப்பித்த சில பிள்ளைகளுக்குத் தலை சிறியதாக, கண் திறப்பு சின்னதாக, மேல் உதடு மெலிந்து, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் தெரியாமல் வழவழப்பாக இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாது. பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரும். சொன்னது மனதில் நிற்காது, கணக்கு வராது, ஒரு இடத்தில் உட்காராது. 'மக்கு', 'அடங்காப்பிடாரி' என்று அடி வாங்கும். மூளையில் ஏற்பட்ட குறை, அடித்தால் போகாது. மருந்தும் கிடையாது. சின்ன வயதிலேயே கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுக்கிற விதத்தை மாற்றினால் நிறைய முன்னேற்றம் வரும்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து என்று கேட்கிறீர்கள். இவ்வளவு வரை பரவாயில்லை என்று எந்த டாக்டராலும் ஒரு அளவு சொல்ல முடியவில்லை. அதனால்தான் 'வேண்டவே வேண்டாம்' என்கிறார்கள். அதோடு இன்னொரு சிக்கல். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, சோதனை செய்து பார்ப்பதற்குள் ஐந்து ஆறு வாரம் ஓடிவிடும். இதயம், கை, கால், முகம் எல்லாம் உருவாகிற காலம் அது. தெரியாமல் அந்த நாட்களில் குடித்துவிட்டேனே என்று ஒரு பெண் அழுதால், "இனிமே போச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது. எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு லாபம்தான்.

கேள்வி கேட்பதில் என்ன சூட்சுமம்?

ரத்தசோகை இருந்தால் விரலில் குத்தினால் தெரிந்துவிடும். சர்க்கரையும் அப்படியே. குடிப்பழக்கம் நம் சுகாதார நிலையத்தில் எடுக்கிற எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. கேட்டால் மட்டுமே தெரியும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் எல்லாரிடமும் கேட்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு கர்ப்பிணியிடமும், கர்ப்பம் தெரிந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதன்பின் ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் கேட்கச் சொல்கிறது. பழக்கம் இருக்கும் என்று தோன்றுகிறவர்களிடம் மட்டும் கேட்டால் என்ன ஆகும்? சூளையில் வேலை செய்கிறவள், காலனியிலிருந்து வருகிறவள், கிழிந்த சேலை கட்டியவள், இவர்களிடம் மட்டும் கேட்பார்கள். அது அவமானம். வசதியான வீட்டுப் பெண்ணிடம் கேட்காமல் விட்டால் அவள் பிள்ளைக்கு நஷ்டம்.

"நீ குடிப்பியா?" என்று நேராகக் கேட்டால் யாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். இதைப் புரிந்துகொண்டு 1989-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் ராபர்ட் சோக்கல் என்ற மகப்பேறு மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் கர்ப்பிணிகளுக்காகவே நாலு கேள்வி தயாரித்தார்கள். டி-ஏஸ் என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: எவ்வளவு குடிச்சா உனக்குக் கிறுகிறுன்னு வரும்? நீ குடிக்கிறதைப் பத்தி யாராவது பேசினா எரிச்சல் வந்திருக்கா? குறைச்சுக்கணும்னு உனக்கே தோணியிருக்கா? காலையில எழுந்ததும் நடுக்கம் தீர ஒரு வாய் தேவைப்பட்டிருக்கா?

முதல் கேள்வியைக் கவனியுங்கள். 'எவ்வளவு குடிக்கிறாய்' என்று கேட்கவில்லை. எவ்வளவு குடித்தால் ஏறும் என்றுதான் கேட்கிறது. இதில் குற்றம் சாட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. அதனால் பதில் வந்துவிடும். இரண்டு கிளாசுக்கு மேல் தேவை என்றால் உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு இரண்டு மதிப்பெண். மற்ற மூன்றுக்கும் ஆளுக்கு ஒன்று. மொத்தம் இரண்டு வந்தாலே உட்கார வைத்து விவரமாகப் பேச வேண்டும். இது தீர்ப்பு கிடையாது. இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

இங்கே 'கிளாஸ்' என்றால் டீ கிளாஸ் அல்ல. 10 கிராம் ஆல்கஹாலை ஒரு அளவு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. நம் கடைகளில் விற்கிற பிராந்தி 42.8 சதவீதம். 180 மில்லி குவாட்டர் பாட்டிலில் சுமார் 60 கிராம் வரும். அதாவது ஆறு அளவு! 'கட்டிங்' என்று பாதியாகப் பிரித்துக்கொள்வதில் மூன்று. ஸ்ட்ராங் பீர் பெரிய பாட்டில் ஒன்றில் நாலு அளவு. "நான் பாதிதான்க்கா எடுத்துக்குவேன்" என்பவள் மூன்று அளவு எடுத்துக்கொள்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. குழுவில் வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை.

நாங்கள் செய்த தப்பு

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவில் சுகாதாரக் கல்வி நடத்தப் போயிருந்தோம். கர்ப்பிணி உணவு, இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் பேசி முடித்து, கடைசியில் விளையாட்டாக, "இங்க யாருக்காவது அந்தப் பழக்கம் இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டோம். ஒரே சிரிப்பு. ஒருத்தி பெயரைச் சொல்லி ஒருவர் கிண்டலும் செய்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறாவது மாதம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த இரண்டு கூட்டத்துக்கு அவள் வரவில்லை. சந்தாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். பிறகு விசாரித்தால், செவிலியரிடம் போவதையும் நிறுத்தியிருக்கிறாள். எங்கே அங்கேயும் கேட்பார்களோ என்ற பயம். எட்டாவது மாதத்தில்தான், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் சத்துமாவு கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குப் போய், தனியாக உட்கார்ந்து பேசி, மறுபடியும் அழைத்துவந்தார். குழந்தை 1.9 கிலோ எடையில் பிறந்தது. குடிதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு ரத்தசோகையும் இருந்தது, சூளை வேலையையும் விடவில்லை. ஆனால் இரண்டு மாதப் பரிசோதனை தவறிப்போனது எங்களால்தான். அதில் சந்தேகமில்லை.

அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தோம். குழுக் கூட்டத்தில் விஷயத்தைப் பேசலாம், ஆளைக் கேட்கக் கூடாது. கேட்பது செவிலியர் வேலை, அதுவும் தனியாக. மாமியாரோ புருஷனோ கூட இருந்தால் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டாள். சில சமயம் புருஷனே காரணமாக இருப்பான். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா, எடை பார்க்கணும்" என்று சொல்லி ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். மாமியார்களாக இருக்கும் சகோதரிகளே, அப்படி வெளியே அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அடி, உதை, வேண்டாத கட்டாயம் என்று வேறு பல விஷயங்களும் வெளியே வரும்.

கேட்கிற முகமும் முக்கியம். "சாப்பாடு எப்படி? மாத்திரை ஒத்துக்குதா? வெத்தலை, புகையிலை போடுவியா? பிராந்தி, பீர், அரிஷ்டம் ஏதாவது?" என்று ஒரே குரலில், ஒரே வரிசையில் போகவேண்டும். அந்தக் கேள்வி வரும்போது மட்டும் புருவத்தை உயர்த்தினால் கதை முடிந்தது.

"ஆமா" என்று சொன்னால் என்ன ஆகும்?

நிறையப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. மாசமாக இருக்கும்போது குடித்தாள் என்று கேஸ் போடுகிற சட்டம் நம் நாட்டில் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெறுவதற்கான நிபந்தனைகளிலும் இதைப் பற்றி எதுவும் இல்லை. பணம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எப்போதாவது எடுத்துக்கொள்கிறவர் என்றால் செவிலியர் ஒரு பத்து நிமிடம் பேசுவார். எதற்காகக் குடிக்கிறாய், வலிக்கா, தூக்கத்துக்கா, வேறு என்ன செய்யலாம் என்று பேசி, அடுத்த முறை வரும்போது மறக்காமல் கேட்பார். பலருக்கு இதுவே போதும்.

தினமும் குடிக்கிறவர் என்றால் விஷயம் வேறு. இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள். தினமும் குடித்துப் பழகிய பெண்ணை, "இன்னையிலேர்ந்து ஒரு சொட்டு கூடாது" என்று வீட்டில் பூட்டி வைக்கக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வேர்வை, குழப்பம், சிலருக்கு வலிப்புகூட வரும். அது தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. செவிலியரிடம் சொன்னால் அங்கே அனுப்பக் கடிதம் வாங்கித் தருவார்.

இன்னொன்று. குடியை மறக்கடிக்கும் மருந்து என்று சொல்லி, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கப் பொட்டலம் விற்கிறார்கள். ஆண்களுக்கே அது ஆபத்து. மாசமாக இருக்கிறவளுக்கு ஒருக்காலும் கொடுக்கக் கூடாது.

நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் போனில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கு 14446, மன உளைச்சலுக்கு 14416, பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. வீட்டில் அடி உதை என்றால் 181. எல்லாமே இலவசம். ஊரும் பெயரும் சொல்லாமலே விவரம் கேட்கலாம்.

குழு என்ன செய்யலாம் என்று ஊக்குநர்கள் கேட்டார்கள். யார் குடிக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்க வேண்டாம். தீர்மான நோட்டில் யார் பெயரையும் எழுத வேண்டாம். அந்தப் பெண் சூளை முன்பணத்தில் மாட்டிக்கொண்டு ஓய்வெடுக்க முடியாமல் இருந்தால், உள்கடனில் அவளுக்கு முன்னுரிமை கொடுக்க முடியுமா என்று பாருங்கள். பரிசோதனை நாளில் துணைக்கு ஒருவர் போங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் பரிசோதனை இருக்கிறது, அன்றைக்குப் போனால் டாக்டரையே பார்க்கலாம்.

புகார் சொன்ன ஊக்குநரிடம் இதையெல்லாம் தனியாக உட்கார்ந்து பேசினோம். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, எல்லார்கிட்டயும் கேக்கட்டும். ஆனா என்னை வெளிய அனுப்பிட்டுக் கேக்கட்டும்" என்றார். அதையே அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் முதல் பொருளாக வைத்திருக்கிறோம். கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்திருக்கிறோம். பரிசோதனை அறையில் ஒரு திரைச்சீலை வேண்டும் என்று அவரும் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். துணிக்கும் கம்பிக்கும் என்ன செலவாகும் என்று தையல் குழுவினர் கணக்குப் போட்டுக்கொண்டு வரவும்.